கண்டதும் கேட்டதும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பெர்த்தில் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பேரன் சன்னலோரத்தில் நின்று யாரிடமோ பேசுகிறான், யாரென்று கேட்டால் "அந்தத் தாத்தா" என்கிறான், நம் குடும்பத்தில் இதற்கு முன் இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டாய். நேர்ந்திருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் நீ கேட்டு வளர்ந்த கதைகள் வேறு, நடந்தவை வேறு. சொல்லும்போதெல்லாம் நம் உறவினர்கள் எதையாவது சேர்த்துவிடுகிறார்கள். அது கெட்ட எண்ணத்தால் அன்று, கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கும் ஆசையால். நான் தாதிப் பயிற்சியில் சேர்ந்தபோது, கண்டதைக் கண்டதாகவும், நோயாளி சொன்னதை அவர் சொன்னதாகவும் பதிவேட்டில் எழுத வேண்டும், நாமாக ஊகித்ததை எழுதக் கூடாது என்று கற்றுத்தந்தார்கள். அந்த ஒழுங்கோடு இவற்றை உனக்கு எழுதித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதனால்தான் அன்று வாய்வழியாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நம் குடும்பம் சிங்கப்பூருக்கு வருமுன் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. 1943-இல் சயாம் - பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தபோது என் அப்பாவின் தந்தையையும் கொண்டுபோனார்கள். பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதற்காக உயிரிழந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். தாத்தாவும் திரும்பவில்லை. உடலும் இல்லை, இறந்த தேதியும் இல்லை, அரசாங்கத்தின் ஒரு தாள்கூட வீட்டுக்கு வரவில்லை.

என் அப்பாயி கண்ட கனவைப் பற்றி அவர் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். தாத்தா தோட்டத்து லயத்து வீட்டு (தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் நிற்கிறார், உள்ளே வா என்றால் வரவில்லை, தண்ணீர் கேட்கிறார்; அப்பாயி செம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாசலில் ஆள் இல்லை. விழித்தவர் விளக்கேற்றி, ஒரு செம்புத் தண்ணீரை நிலைப்படியில் வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். அப்போதும் அவர் தாலியைக் கழற்றவில்லை. போர் முடிந்து, அதே தோட்டத்திலிருந்து போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, மழைக் காலத்தில் முகாமில் காலரா பரவியபோது தாத்தா இறந்தார், கடைசியில் தண்ணீர் தண்ணீர் என்றே கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்ன பிறகுதான் கழற்றினார்.

காலரா உடலின் நீரையெல்லாம் வற்றவைத்துவிடும் நோய் என்பதையும், அந்த நோயாளியின் தாகம் எப்படிப்பட்டது என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு. ஜொகூரில் இருந்த அப்பாயிக்கு முகாமில் என்ன நோய் பரவியது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதே சமயம் இன்னொன்றையும் நான் எழுதியாக வேண்டும். தாத்தாவைத் தாம் பல இரவுகள் கனவில் கண்டதாகவும், ஒரு முறை அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு கை நிறையப் பணத்தோடு வந்ததாகவும் அப்பாயியே சொன்னார். அந்தக் கனவு பலிக்கவில்லை, ஆகவே யாரும் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. காலையில் பார்த்தபோது நிலைப்படியில் இருந்த செம்பு காலியாக இருந்தது என்று உன் சித்தப்பா சொல்வாரே, அப்படி ஒரு சொல்லை அப்பாயி என்னிடம் சொல்லவே இல்லை. இறந்த திதி தெரியாததால் நம் வீட்டில் ஆடி அமாவாசையன்று படையல் போட்டு, இலைக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பதை நீ பார்த்திருக்கிறாய். அதன் காரணம் இதுதான்.

கனவை நம் மக்கள் எளிதில் தள்ளிவிடுவதில்லை. இன்று ஈசூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தமிழர், மரத்தடியில் முருகன் சிலையை ஒரு பாம்பு காவல் காப்பதாகக் கண்ட கனவிலிருந்து எழுந்ததுதான். உன் தாத்தாவும், அதாவது என் அப்பாவும், அந்தத் தளத்தில்தான் வேலை பார்த்தார். நாங்கள் வளர்ந்ததும் அங்கிருந்த தொழிலாளர் குடியிருப்பில்தான். மலையாளிகளும் தமிழர்களும் நெருக்கமாக வாழ்ந்த இடம்.

அறுபதுகளில் ஒரு நாள் தாத்தா இரவு வேலை முடிந்து வரும் வழியில் சைக்கிள் டயர் பஞ்சராகி, அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்று நானும் உன் பெரியம்மாவும் விழித்திருந்தோம். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாட்டி உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்திக் கால் கழுவச் சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மறுநாள் தொடங்கிச் சில நாட்கள் தாத்தாவுக்குக் கடும் காய்ச்சல். நான் கண்டது இவ்வளவே. அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு நான் கேட்டபோது அவர் சொன்னதாவது: விளக்கில்லாத சாலையில், தம் காலடியோடு இன்னொரு காலடியும் சரளைக் கல்லில் ஒலித்தது, நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் அதுவும் நடந்தது, திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை, முதல் விளக்குக் கம்பம் வந்ததும் சத்தம் ஓய்ந்துவிட்டது. பேய் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. "கேட்டேன், பார்க்கவில்லை" என்றார்.

வெள்ளைச் சேலையும், தரையில் படாத காலும், செம்பகப் பூ வாசமும் பிற்பாடு மாமா வீட்டில் சேர்ந்தவை. பக்கத்து மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்ற பெண் பேயைப் பற்றிச் சொல்லும் கதைகளின் சாயல் அவற்றில் இருப்பது உனக்கே விளங்கும். அன்று மிளகாய் நெடியே அடிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். நெடி அடிக்காவிட்டால் காத்துக் கருப்பு பட்டிருப்பதாக அல்லவா கணக்கு! நெடி அடித்தது, மகளே. நானும் பெரியம்மாவும் மூச்சு முட்ட இருமினோம். அச்சத்தால் காய்ச்சல் வந்ததா, அல்லது வேலையிடத்திலேயே காய்ச்சல் தொடங்கிவிட்டதால் இரண்டாவது காலடி கேட்டதா என்று நான் நெடுங்காலம் யோசித்திருக்கிறேன். தாத்தா பொய் சொல்லும் மனிதர் இல்லை, கற்பனை செய்து பேசுபவரும் இல்லை. அவர் கேட்டார் என்பதை முழுமையாக நம்புகிறேன். எதைக் கேட்டார் என்பதை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அடுத்ததை எழுதுவது எனக்குக் கடினம். ஆனால் உனக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. என் சித்திக்கு, அதாவது உன் சின்னப் பாட்டிக்கு, முதல் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் அப்போது பயிற்சித் தாதி. சித்தி உறங்குவதை நிறுத்திவிட்டார். குளியலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் தம்மை அழைப்பதாகவும், இந்தக் குழந்தை உன்னுடையது இல்லை, தண்ணீரிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்று அது சொல்வதாகவும் கூறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது இது. இதில் யாரும் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பச்சை உடம்போடு அந்தி நேரத்தில் வாசலுக்குப் போனதால் காத்துப் பட்டுவிட்டது என்று பெரியவர்கள் முடிவு செய்து, மந்திரிப்பவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் பணம் வாங்கிக்கொண்டு, சித்திக்குச் சோறு கொடுக்க வேண்டாம் என்று கட்டளையிட்டு, கண்ணெரியப் புகை போட்டு, வேப்பங்குச்சியால் அடிக்கவும் செய்தார். பால் கட்டி வலியால் துடித்த ஒரு தாயை அடித்தார். உன் பாட்டி குழந்தையை வாங்கித் தம் மடியிலேயே இரவெல்லாம் வைத்துக்கொண்டார்; விடிந்ததும் யார் தடுத்தும் கேளாமல் நாங்கள் இருவரும் சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம்.

பிள்ளை பெற்ற பெண்களில் ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் கடுமையான மனநோய் அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும், விரைவாக முற்றும், உரிய மருத்துவம் கிடைத்தால் குணமாகும். சித்தியும் குணமானார், அதே குழந்தையை வளர்த்து ஆளாக்கினார். உடல் தேறியதும் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் பெரியாச்சி சன்னதிக்குக் குழந்தையைக் கொண்டுபோய் வழிபட்டார். நானும் உடன் போனேன். தாயையும் சேயையும் காப்பவள் பெரியாச்சி என்று நம்பி ஒரு பெண் அவள் முன் நின்று அழுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, நானே அழுதிருக்கிறேன். அந்த மனிதரின் வேப்பங்குச்சியைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சித்திக்கு மோகினி பிடித்திருந்ததாக இனி யாராவது உன் முன்னால் சொன்னால், அது நோய் என்று நீ சொல்ல வேண்டும். அவர் இருந்த காலத்திலேயே அந்தப் பேச்சு அவரை எவ்வளவு காயப்படுத்தியது என்று எனக்குத் தெரியும்.

நம் பீஷான் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வட்டாரம் 1870-இல் ஏற்பட்ட பெக் சான் தெங் என்ற சீன இடுகாட்டின் மேல் எழுந்தது என்பதால் ஊரார் எதையெதையோ சொல்வார்கள். அத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும், இரவுப் பணி முடிந்து எந்தெந்த நேரத்திலோ தனியாக நடந்து வந்தும் நான் எதையும் காணவில்லை. இறந்தவர்களுக்குப் படையலிடும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீன அண்டை வீட்டார் புல்தரையில் வைக்கும் படையலை மிதிக்கக் கூடாது என்றும், கெத்தாய் என்ற பாட்டு நிகழ்ச்சி மேடைக்கு முன்னால் காலியாக விட்டிருக்கும் முதல் வரிசை நாற்காலிகளில் உட்காரக் கூடாது என்றும் உனக்குச் சொல்லி வளர்த்தது அச்சத்தால் அன்று. அவர்களுடைய முன்னோருக்கான இடம் அது. உயர்நிலைத் தேர்வுக் காலத்தில் உன் நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்து அமுக்குவதாகச் சொல்லி அழுதாயே, அது கனவு காணும் உறக்கத்தில் மூளை உடலின் தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும்போதே விழிப்பு வந்துவிடுவதால் நேர்வது. தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வரும். பாட்டி அன்று உன் தலையணைக்கடியில் வைத்த பாக்குவெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்த பிறகு நீ நிம்மதியாக உறங்கினாய் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாட்டி உயிரோடு இருந்தவரை வெளியே சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்ட ஒன்றும் உண்டு. தாத்தா இறந்த பிறகு ஓராண்டுக்கு மேல், அவர் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் வாசலில் அவருடைய இருமல் பாட்டிக்குக் கேட்டது. சில நாட்களில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதை உணர்ந்ததாகவும் சொன்னார். பயப்படவில்லை, எழுந்து போய்த் தேநீர் போட்டிருக்கிறார். தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பதே அவருடைய ஒரே கவலை. 1971-இல் டபிள்யூ. டி. ரீஸ் என்ற வேல்ஸ் மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய ஆய்வைப் பற்றி நான் பாட்டியிடம் சொன்னேன். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோனவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இதைக் கேட்டதும் பாட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்போ எனக்கு மட்டும் இல்ல" என்றார். வந்தது தாத்தாதானா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி பேரனைப் பற்றி. நான்கு வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத துணையோடு பேசுவது மிகச் சாதாரணம். அவனிடம் பதற்றம் காட்டாதே. "தாத்தா எப்படி இருக்கிறார், வெள்ளை முடியா" என்று நீயாக எடுத்துக் கொடுக்காதே. "என்ன பேசினீர்கள்" என்று மட்டும் கேட்டு, அவன் சொல்லும் சொற்களை அப்படியே தேதியிட்டு எழுதி வை. அவன் பயந்தாலோ, உறக்கம் கெட்டாலோ, அந்தக் குரல் தன்னையோ பிறரையோ நோகச் செய்யச் சொல்கிறது என்றாலோ அன்றே மருத்துவரிடம் காட்டு. சம்பந்தியம்மா தாயத்துக் கட்ட வேண்டும் என்றால் மறுத்துப் பேசி மனத்தாங்கல் வேண்டாம், அது அவருடைய அன்பு. கழுத்தில் மட்டும் கயிறு கட்ட விடாதே, உறக்கத்தில் இறுக்கிவிடும். பூசை மாடத்தில் வைக்கச் சொல்.

பெரியம்மாவிடமும் பேசு. தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த இரவில் என்னைவிட அவர்தான் வாசலுக்கு அருகில் நின்றார். சித்தியின் நோயின்போதும் வீட்டில் இருந்தார். பிற்பகலில் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, அந்த நேரம் பார்த்து அழை. நான் எழுதியதை முதலில் படித்துக் காட்டிவிடாதே, அவர் நினைவிலிருப்பதை அவராகவே சொல்லட்டும். நான் சொல்வதற்கு மாறாக அவர் ஏதாவது சொன்னால் திருத்தாமல், இரண்டையும் அவரவர் பெயரில் எழுதி எனக்கும் ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
அம்மா