ஆம்புலன்ஸ் இப்போதைக்கு வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அறக்கட்டளைப் பதிவு முடிந்துவிட்டது, தோப்பில் அரை ஏக்கர் ஒதுக்கிவிட்டாய், அடிபட்ட பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் சிகிச்சை கொடுத்துத் திரும்ப விடப்போகிறாய் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். ஆனால் ஒரு கம்பெனி ஆம்புலன்ஸ் தருவதாகச் சொன்னதை எழுதியிருக்கிறாயே, அதை இப்போதைக்கு வாங்காதே.

முதலில் சட்டத்தைப் பார். கம்பெனிகள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை வெளி அறக்கட்டளைக்குக் கொடுக்க, அந்த அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு) பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அதோடு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். உன் அறக்கட்டளை இப்போதுதான் பிறந்திருக்கிறது. அவர்கள் எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

சட்டம் ஒத்துவந்தாலும் வண்டி உனக்குச் சுமைதான். வண்டி கொடுப்பவர் டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ் எதையும் கொடுப்பதில்லை. வண்டி ஓடினால் வரத்து கூடும். கூண்டும் தீனியும் ஆளும் அதே அளவில்தான் நிற்கும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு பழைய துண்டு, தண்ணீரும் சோறும் புகட்டக் கூடாது என்ற ஒரு வரி. இதைப் போனில் சொன்னால் பெரும்பாலான பறவைகளைக் கண்டெடுத்தவரே பைக்கில் கொண்டுவந்து விடுவார்.

எத்தனை உயிர்களை ஏற்கலாம் என்பதைத் தீனிச் செலவிலிருந்து கணக்குப் போடு. ஒரு கள்ளப்பருந்து முக்கால் கிலோ எடை என்று வை. நாளுக்கு 80 முதல் 100 கிராம் இறைச்சி. முப்பது பருந்துக்கு 3 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் மாதம் 22,500. இது கறிக்கு மட்டும். இதற்கு மேல் மருந்து, கட்டுத்துணி, கால்நடை மருத்துவர், கூண்டு கழுவ இரண்டு பேர், மின்சாரம். மாதாமாதம் உறுதியாக வரும் பணம் பன்னிரண்டு பருந்துக்குத்தான் போதும் என்றால் பதின்மூன்றாவதை வேறு இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உன் கையில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கூட்டம் சேர்ந்த கூண்டில் நோய் பரவினால் பன்னிரண்டும் போய்விடும்.

தீனியில் சிக்கனம் பார்க்கிறேன் என்று எலும்பில்லாக் கறியை மட்டும் போடாதே. தசையில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வளரும் குஞ்சுக்கு அதையே கொடுத்தால் சில வாரத்தில் கால் வளையும், சிறகெலும்பு தானாக ஒடியும். பிறகு அது பறக்கவே பறக்காது. முழு எலியோ கோழிக்குஞ்சோ எலும்பு, தோல், குடலோடு போக வேண்டும்.

மாஞ்சா அறுத்த பருந்து வந்தால் எல்லோர் கையும் காயத்துக்குத்தான் ஓடும். அதற்கு முன் எடை போடு, இருட்டான கதகதப்பான பெட்டியில் அரை மணி நேரம் விடு. அதிர்ச்சியில் இருக்கும் பறவை பிடிக்கும்போதே செத்துப்போகலாம். அடுத்தது நீர்ச்சத்து: உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 700 கிராம் பருந்துக்கு ஒரு வேளைக்கு 35 மில்லி, வெதுவெதுப்பாக. நாக்கு தொடங்கும் அடிப்பகுதியில் மூச்சுக்குழல் வாய் இருக்கிறது. டியூப் அதற்குள் போனால் நுரையீரலில் தண்ணீர். பழகியவர் மட்டும் செய்யட்டும். உடம்பு சூடேறி நீர்ச்சத்து திரும்பிய பிறகுதான் இரை. பட்டினி கிடந்ததற்கு எடுத்த எடுப்பில் கறியைத் திணித்தால் செரிக்காது.

பிறகு இறக்கையை விரித்துப் பார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முன்விளிம்பில் தோல்மடிப்பு ஒன்று ஓடும். அதற்குள் ஒரு தசைநார். தோல் மட்டும் அறுந்திருந்தால் தைத்துத் தேற்றலாம். நார் அறுந்திருந்தால் பறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மூட்டை ஒட்டிய எலும்பு முறிவும் அப்படியே. கட்டுப்போட ஒட்டும் பிளாஸ்திரி கூடாது, இறகோடு பிய்ந்து வரும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி போதும். சில நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து மூட்டை மெல்ல நீட்டி மடக்காவிட்டால் காயம் ஆறியிருக்கும், இறக்கை இறுகியிருக்கும்.

மருந்து அலமாரியில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து இருக்கவே கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியா முழுக்கப் பெருமளவில் அழித்த மருந்து அது. கால்நடைக்கு 2006-இலேயே தடை. அசெக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரோஃபெனும் 2023-இல் தடையாயின. வலிக்கு மெலாக்சிகாம், மருத்துவர் சொல்லும் அளவில்.

கூண்டுக்குக் கோழிவலை வாங்காதே, இறகு முனை சிதையும். நைலான் வலையோ செங்குத்துக் கம்பிகளோ போடு. உட்காரும் கட்டையில் தேங்காய்நார்க் கயிறு சுற்று. வழுவழுப்பான ஒரே தடிமன் குழாயில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதம் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

அனுமதி இல்லாமல் ஒரு அணில் குட்டியைக்கூட வாங்காதே. வன உயிரினச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி வன உயிரினம் அரசின் சொத்து. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு மீட்பு மையமும் உயிரியல் பூங்கா என்ற வரையறைக்குள் வருகிறது. ஆகவே மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரத்தையும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதியையும் முதலில் பார். பதிவேட்டில் கண்டெடுத்த இடத்தைத் துல்லியமாக எழுது. தேறிய பிறகு அங்கேயே கொண்டுபோய் விட அது தேவை.

காசிரங்கா அருகே 2002-இல் தொடங்கிய மையத்தில் அசாம் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து நிற்கின்றன. அரசு பங்காளியாக இருப்பதால்தான் வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் கன்றுகளை அங்கே வருடக்கணக்கில் வளர்த்து மானஸ் காட்டுக்கு அனுப்ப முடிகிறது. தில்லியில் பருந்துகளுக்கு மருத்துவம் பார்க்கும் நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத் சகோதரர்கள் நெடுங்காலம் தங்கள் சோப்பு டிஸ்பென்சர் தொழில் வருமானத்தில்தான் அதை நடத்தினார்கள். உனக்கு அரசுப் பங்காளியும் இல்லை, தொழிலும் இல்லை. எனவே மாதாந்திரச் சிறு நன்கொடையாளர்கள்தான் உன் அடித்தளம். வரிச்சலுகையை நம்பி அவர்களை அழைக்காதே. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி வரிக்கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் கிடையாது. 'நூறு ரூபாய் ஒரு பருந்துக்கு நான்கு நாள் கறி' என்று சொல், அது அவர்களுக்குப் புரியும், உண்மையும் அதுதான்.

பெரிய தொகை தருபவரிடம், செலவழிக்காமல் அசலாக வைக்கும் மூலநிதிக்கு என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கு. கடிதம் இல்லாவிட்டால் அது அந்த ஆண்டு வருமானமாகிவிடும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் சேமித்து வைக்கத் தனிப் படிவம். நன்கொடையாளர் கூண்டுக்குள் வந்து படம் எடுக்கக் கேட்டால் மறுத்துவிடு. மனிதரைக் கண்டு பயப்படாத பருந்து வெளியே போனால் கல்லடிபட்டுச் சாகும். தூரத்திலிருந்து எடுத்த விடுவிப்பு வீடியோவை அனுப்பு.

அந்தக் கம்பெனியிடம் இப்படிக் கேட்டுப் பார்: வண்டிக்குப் பதிலாக ஓராண்டுக்கு ஒரு உதவியாளர் சம்பளமும் தீனியும். மறுத்தால் விட்டுவிடு.

அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை அனுப்பி வை. நோக்கங்களில் வன உயிரின மீட்பும் சிகிச்சையும் வெளிப்படையாக இருக்கிறதா, கலைத்தால் சொத்து அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12ஏ விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழன்