செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: காரைக்குடிப் பயணமும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராமல் தள்ளிவைத்த கூட்டங்கள் பதிவேட்டில் உள்ளன. பொங்கல் விழா, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கீழ்த்தொட்டி இருமுறை கழுவப்பட்டது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

இனி, காரைக்குடிப் பயணம். "மூணு நாள் எங்கயாவது போய் சும்மா இருந்துட்டு வரலாம்" என்று சென்ற பொதுக்குழுவில் கோரிக்கை எழுந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டல் முன்பணமாக மாறிய விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லாட்ஜ் வேண்டாம், சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டை முழுதாக எடுப்போம் என்று செயற்குழு முடிவு செய்தது. லாட்ஜில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அவரவர் டிவியோடு முடிந்தது. வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீட்டில், எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் நடு முற்றத்தில்தான் முகம் தெரியும். சங்கப் பயணத்துக்கு அதுதான் தேவை.

இந்த வீடுகளை எடுப்பதில் உள்ள சிக்கலை அறியாதவர்கள் "ஒரு போன் போட்டால் ஆச்சே" என்றார்கள். தாத்தா கட்டிய வீட்டில் பேரன்கள் பலருக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒரு பங்காளியிடம் கொடுத்த முன்பணத்தை இன்னொரு பங்காளி ஏற்க வேண்டும் என்பதில்லை. எனவே மற்ற பங்குதாரர்களின் சம்மதத்தையும், வீட்டு விசேஷம் வந்தால் பணம் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே தொகை அனுப்பப்பட்டது. தை, ஆவணி முகூர்த்த நாட்களிலும் பிள்ளையார் நோன்பின்போதும் குடும்பத்தாரே வந்து இறங்குவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, வீடு காலியாக இருக்கும், வாடகையும் பேசலாம். ஆடியில் போகலாமா என்று கேட்ட உறுப்பினர்களுக்கு: சும்மா இருப்பதற்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை.

பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் பிற்பகலில் கிளம்பி இரவில் காரைக்குடி சேரும். திரும்பும்போது விடியுமுன் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது. நம் 24 பேருக்கு நான்கு டிக்கெட். கடைசி வாரத்தில் ஐந்து பேர் வரவில்லை என்றார்கள். "என் இடத்தில் மேல்மாடிக்காரரை அனுப்புங்கள்" என்பது அவர்கள் சொன்ன தீர்வு. நம்மைப் போன்றவர்களின் உறுதியான டிக்கெட்டில் பெயர் மாற்றம் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான். மேல்மாடிக்காரர் எவ்வளவு நெருக்கமானாலும் ரயில்வே கணக்கில் அந்நியர். ரத்துக் கட்டணம் சங்கத்தின் தலையில் விழுந்தது. போகட்டும்.

தங்குவதற்கான ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்கிறேன், அடுத்து யார் பொறுப்பேற்றாலும் உதவும். முகப்பு, வளவு, அதற்குப் பின் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படியும் கிணற்றடியும் என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் சாமான் வைத்துப் பூட்டக் கொடுத்தவை. ஆகவே சிறியவை, இருட்டானவை. "அறை இவ்வளவுதானா" என்ற கேள்விக்கு இதுவே பதில். பாய் விரித்துப் படுக்கக் கூடியவர்களுக்கு முற்றத்தை ஒட்டிய மேடையான பட்டாலைதான் சுகம். முற்றத்துக் காற்று நேராக வரும். குளியலறைகள் பின்கட்டில் இருப்பதால் 60 வயது கடந்தவர்களுக்கு இரண்டாம் கட்டு ஒதுக்கப்பட்டது. நிலைப்படிகள் உயரம், முற்றம் ஒரு படி பள்ளம். இரவில் அங்கேதான் கால் தடுக்கும். முற்றத்தின் நான்கு மூலையிலும் விடிய விடிய சிறு விளக்கு எரிய ஏற்பாடு செய்யப்பட்டது. மாடிப்படி செங்குத்து என்பதால் மாடி இளைஞர்களுக்கு. இதில் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன்.

தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று வைத்தாலும் 19 பேருக்கு 1,330 லிட்டர். மேல்தொட்டி 1,000 லிட்டர். காலை ஐந்துக்கு ஒருமுறை, பகலில் ஒருமுறை மோட்டார் போட்டால் சிக்கலில்லை. ஷவரைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தால் சிக்கல். நான்கு குளியலறை, ஆளுக்குக் கால் மணி: ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லோரும் தயாராகலாம். முறை எழுதிய தாள் வைக்கப்பட்டது. அதன் பின்பக்கத்தில் யாரோ சீட்டாட்டக் கணக்கு எழுதியிருந்தார்கள். மின்சாரம் பழைய வயரிங். 15 ஆம்பியர் சுற்றில் 1,500 வாட் கெட்டில் இரண்டு தாங்கும், மூன்றாவது போட்டால் டிரிப் ஆகும். ஆனது.

தரை ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமெண்டு ஓடு. ஆசிட், பினாயில் கூடாது. வெறும் தண்ணீர் போதும், புழங்கப் புழங்கப் பளபளக்கும். எண்ணெய் தேய்த்த காலோடு நடந்தால் வழுக்கும். சுவரில் பூசியிருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பு. தொட்டால் பளிங்குபோல் குளிர்ச்சி. அதில் டேப் ஒட்டினால் மேல்பூச்சோடுதான் பிரியும். "நல்வரவு" பேனரைச் செயற்குழுவைக் கேட்காமல் ஒட்டியவர் யார் என்பது அவருக்குத் தெரியும். வீட்டாரிடம் வைத்த வைப்புத்தொகையில் ஒரு பகுதி அதற்காகப் பிடிக்கப்பட்டது.

நாளுக்கு ஒரே ஒரு இடம், காலையில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்புவது என்பதே திட்டம். ஒருநாள் பிள்ளையார்பட்டி, ஒருநாள் ஆத்தங்குடிக் கல் பட்டறை. பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் பூ வடிவ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்குகிறார்கள், கோடு கலையவில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு காரை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறியபின் கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பக்கம் மினுங்குகிறது. சூளை கிடையாது. திருமயம் கோட்டை, கானாடுகாத்தான், குன்றக்குடி மூன்றையும் ஒரே நாளில் அடக்கியிருக்கலாம் என்பவர்களுக்கு: அது வேன் பயணம், ஓய்வு அல்ல. மதியம் திண்ணையில் தூங்கியவர்கள் யாரும் புகார் தரவில்லை.

சமையல் அம்மாவுக்கு மறுநாள் எண்ணிக்கை முந்தின மாலையே தெரிய வேண்டும். கவுனி அரிசியை இரவே ஊறவைத்தால்தான் வேகும். இதைச் சொல்லக் காரணம், "சாப்பாட்டுக்கு இருப்பேனா என்று காலையில் சொல்கிறேன்" என்ற பதில் அங்கேயும் தொடர்ந்தது.

சந்தா பாக்கி. பட்டியலைப் பெயரோடு வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பயணத்துக்குப் பெயர் கொடுத்து இன்றுவரை இரண்டாம் தவணை தராதவர்களும், பொதுக்குழுவுக்கே வராமல் அதன் முடிவுகளைப் படிக்கட்டில் நின்று விமர்சிப்பவர்களும் பெரும்பாலும் ஒருவரே என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்கின்றன. "இதர செலவு" சற்றுப் பெரிதாகத் தெரியலாம். வேன், குடிநீர், ரத்துக் கட்டணம், மேற்படி சுவர் ஆகியவை அதில் அடக்கம்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், வந்திருந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆடிக்கும் அதே வீடு கிடைக்கும் போலிருக்கிறது. பங்காளிகள் நம்மைப் பற்றி, சுவர் நீங்கலாக, நல்லபடியாகவே சொல்கிறார்கள். முழுத் தொகையும் கட்டியவர்களுக்கு மட்டுமே டிக்கெட் என்று தீர்மானம் வைக்கப்படும். செயலாளர் பொறுப்பில் தொடர விருப்பமில்லை என்று நான் இருமுறை எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன். இதுவரை வேட்புமனு எதுவும் வரவில்லை. யார் முன்வந்தாலும் கோப்பு, வாடகை ஒப்பந்தம், சமையல் அம்மாவின் தொலைபேசி எண் ஆகியவற்றை அன்றே ஒப்படைக்கிறேன். ஒருவரும் வராத பட்சத்தில், பொதுக்குழு என்ன சொன்னாலும் கட்டுப்படுவேன். வீட்டுக்கான முன்பணத்தை மட்டும் சித்திரைக்குள் அனுப்பியாக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்