பட்டம்பாங் பயிற்சிக் கொட்டகை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வேலை முடிந்தது. கம்போடியாவின் பட்டம்பாங் நகருக்கு வெளியே, வயல் ஓரத்தில் இருக்கும் சர்க்கஸ் பயிற்சிக் கொட்டகைக்குக் கூரை மாற்றி, தரை போட்டு, சாவியை அங்கே சொல்லிக்கொடுப்பவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுவோம் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். பத்து நாள் தாமதம், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறோம். நீங்கள் கொடுத்தது மொத்தம் 11,400 டாலர். செலவு 10,870. மீதி 530 டாலர் கையில் இருக்கிறது.

சர்க்கஸ் கொட்டகை வேலைக்குத் திருப்பணி என்று பெயர் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பத்துப் பேர் சேர்ந்து, யார் பெயரும் போடாமல், ஒரு கட்டடத்தை அடுத்த தலைமுறைக்காகப் பழுது பார்ப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் அதுதான். வைத்துவிட்டோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் குழுவில் நான்கு பேர் கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போன இடத்தில், யாரோ சொன்னார்கள் என்று பட்டம்பாங்குக்குப் பஸ் ஏறி, டினி டினூ என்ற சர்வதேச சர்க்கஸ் விழாவைப் பார்த்தார்கள். 2004இல் தொடங்கிய விழா அது. வெளிநாட்டுக் குழுக்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். புலி, யானை எதுவும் கிடையாது, எல்லாமே மனித உடம்புதான். நடத்துவது ஃபார் பொன்லூ செல்பாக் என்ற பள்ளி. பெயருக்குக் கலையின் வெளிச்சம் என்று பொருள், அந்த ‘செல்பாக்’ நம் காதில் விழும் சில்பம் என்ற சொல்தான்.

அந்தப் பள்ளி வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் நாம் ஏன் பணம் போட்டோம் என்பது புரியும். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறக்குறைய 17 லட்சம் பேர் செத்தார்கள், கலைஞர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. தப்பியவர்களில் பலர் தாய்லாந்து எல்லை அகதி முகாம்களில் வருடக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். சைட் 2 என்ற பெரிய முகாமில் வெரோனிக் தெக்ரோப் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒன்பது பேர், ஊர் திரும்பியபின், 1994இல் அவரோடு சேர்ந்து பட்டம்பாங்கில் தொடங்கியதுதான் இந்தப் பள்ளி. முதலில் ஓவியம் மட்டும்தான், 1998இல் சர்க்கஸும் வந்தது. வீடில்லாத பிள்ளைகள், எல்லை தாண்டிப் பிச்சைக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய பிள்ளைகள், இவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவது சுலபமில்லை, ஆனால் குட்டிக்கரணம் கற்றுத்தருகிறேன் என்றால் வருவார்கள். 2013 முதல், அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தினசரி ஆட்டம் போட்டு, அந்த வருமானத்தைப் பள்ளிக்குத் திருப்புகிறார்கள். கொரோனாவில் பயணிகள் வராமல் போன 2021 மார்ச்சில், 24 மணி நேரத்துக்கும் மேல் விடாமல் ஆடி உலக சாதனை செய்ததும் இவர்கள்தான்.

நாம் வேலை செய்தது அந்தப் பெரிய பள்ளியில் அல்ல, இதில் யாருக்கும் குழப்பம் வேண்டாம். அங்கே படித்து வளர்ந்த ஒருவர் தன் கிராமத்தில் சாயங்காலம் சுமார் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கொட்டகையில்தான் நாம் வேலை செய்தோம். பிள்ளைகள் அவரை லோக் குரூ என்று கூப்பிடுகிறார்கள். குருதான், மாறவில்லை.

முதல் கூட்டத்தில் நம்மில் பலர் விடுதி கட்டித் தரலாம் என்றோம். நல்ல மனசுதான். லோக் குரூ வேண்டாம் என்றார். கம்போடியாவில் அநாதை விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். விடுதி கட்டினால் அதை நிரப்பப் பிள்ளைகள் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள், பணம் வரும், அம்மா கையிலிருந்து பிள்ளை போய்விடும். யூனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான். “எங்கள் பிள்ளைகள் ராத்திரி வீட்டில் தூங்கட்டும். சாயங்காலம் விழுவதற்கு நல்ல தரை கொடுங்கள்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மற்ற எல்லா முடிவும் எடுத்தோம். ஒலிபெருக்கி வேண்டாம், வண்ண விளக்கு வேண்டாம், நன்கொடையாளர் பலகை வேண்டாம். விழும் இடத்துக்குப் போகட்டும் பணம்.

இனி வேலை விவரம். கூரைக்கும் கயிறு கட்டும் சட்டத்துக்கும் 4,900 டாலர், இதுதான் பெரிய செலவு. முன்பு தகரக் கூரையின் மர உத்தரத்திலேயே, அந்தரத்தில் வித்தை செய்யும் கயிற்றையும் துணியையும் கட்டித் தொங்கினார்கள், நினைத்தாலே வயிறு கலங்குகிறது. 40 கிலோ பிள்ளை சும்மா தொங்கினால் 40 கிலோ. மேலிருந்து சறுக்கி டக்கென்று நின்றால் அந்த நொடியில் உத்தரத்தின் மேல் விழும் சுமை பல மடங்கு. அதனால் கூரையைத் தொடாமல் தனியாக நான்கு கால் இரும்புச் சட்டம், கால்கள் கான்கிரீட்டில். 7 மீட்டர் உயரம். மணல் மூட்டை கட்டி இழுத்தும், மேலிருந்து விழவிட்டும் பார்த்தபின்தான் பிள்ளைகளை ஏறவிட்டோம். கூரை உச்சியில் காற்றுப் போக இடைவெளி விட்டதில் ஏப்ரல் வெயிலிலும் உள்ளே நிற்க முடிகிறது.

தரைக்கும் மெத்தைக்கும் 3,650. மண் தரைமேல் நெல் உமி மூட்டை பரப்பித்தான் அதுவரை குதித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் மூட்டை நனைந்து கல்லாகிவிடும். இப்போது கீழே மரச்சட்டம், அதன்மேல் ஒட்டுப்பலகை இரண்டு அடுக்கு, இடையில் ரப்பர் துண்டுகள். குதித்தால் பலகை கொஞ்சம் இறங்கி ஏறும், அது முழங்காலைக் காப்பாற்றும். மெத்தையில்தான் ஏமாந்தோம், அதை மறைக்க விரும்பவில்லை. பேசியது அடியில் கெட்டி நுரை, மேலே மென்மையான நுரை, 30 செ.மீ. தடிப்பு. வந்து இறங்கியது சோபாவுக்குப் போடும் நுரை. உறை புதிது, தையல் அழகு, அளவும் சரி. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி முழங்காலை ஊன்றி அழுத்திவிட்டு, தரை தட்டுகிறது என்றாள். நாங்கள் அமுக்கிப் பார்த்தோம், தட்டத்தான் செய்தது. திருப்பி அனுப்பி வேறு இடத்தில் வாங்கியதில்தான் அந்தப் பத்து நாள் போனது, வண்டிக் கூலி 90 டாலரும் போனது. அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. முன்பணம் கொடுப்பதற்குள் நாமே மாதிரி கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், இது குழுவின் தவறு.

பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, வடிகால், மூன்றுக்கும் 1,720. கழிப்பறை முதல் திட்டத்தில் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள், காரணம் வீடோ பயமோ இல்லை, உடை மாற்ற இடமில்லை என்று லோக் குரூவின் மனைவி சொன்னபிறகு சேர்த்தோம். கதவு போட்ட அடுத்த வாரமே நின்றுபோன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

வயரிங், வண்டிக் கூலி, சில்லறைச் செலவு 600. மெத்தையில் போன 90 டாலர் இதில்தான் அடங்கும்.

படங்கள் அனுப்பும்படி நிறையப் பேர் கேட்டீர்கள். கூரை, சட்டம், தரை எல்லாம் அனுப்புகிறோம். பிள்ளைகளின் முகம் இருக்காது, யாருடைய வீட்டுக் கதையும் இருக்காது. அவர்கள் பட்டதைச் சொல்லிப் பணம் திரட்டுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம், அதில் மாற்றமில்லை. ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் போய் டிக்கெட் எடுத்துப் பாருங்கள், அதுதான் அவர்களுக்கு மரியாதை.

திறப்பு நாளில் நாடா வெட்டவில்லை. ஊர் வழக்கப்படி பிக்குகள் வந்து ஓதி, கட்டடத்தின்மேலும் எங்கள் தலையிலும் தண்ணீர் தெளித்தார்கள். குடமுழுக்குத் தண்ணீர் தலையில் விழுந்த மாதிரியே இருந்தது என்று நம் அக்கா ஒருவர் கண்கலங்கினார். அப்புறம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத் தரையில் ஏறினார்கள். கொஞ்ச நேரம் யாரும் வித்தை எதுவும் செய்யவில்லை, சும்மா குதித்துக் குதித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பையன் வேண்டுமென்றே மல்லாக்க விழுந்தான், எழுந்தான், திரும்ப விழுந்தான்.

மீதி 530 டாலரை மெத்தை உறை மாற்றுவதற்கென்று தனியாக வைக்கலாம் என்பது குழுவின் கருத்து, ஏனென்றால் தினசரி குதித்தால் உறைதான் முதலில் கிழியும். மறுப்பு இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். சட்டத்தின் போல்ட்டுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்க ஊர் இரும்புக் கடைக்காரர் கூலி வாங்காமல் ஒத்துக்கொண்டிருக்கிறார். ரசீதுகள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.