மழைக்கு முன் கூரை: வால்பாறை ஞாயிறு வாசிப்புக் கூட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

வால்பாறையிலும் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலும் இருக்கும் நம் மக்களுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து இப்போது பொள்ளாச்சி, கோவை, திருப்பூர், வெளிநாடு என்று போய்விட்டவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் நாம் கூடுகிற மாடி ஹாலின் தகரக் கூரை இந்த வருட மழையைத் தாங்காது. இரண்டு வெல்டர்களைக் கூட்டி வந்து காட்டினோம், இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். போன ஆடியில் மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டி, கீழே வாளிகளை வைத்து எப்படியோ ஓட்டினோம். இப்போது தகரம் மட்டுமல்ல, அதைத் தாங்குகிற மரச்சட்டமே உளுத்துவிட்டது, விரலால் அழுத்தினால் மாவு மாதிரி உதிர்கிறது. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் செப்டம்பர் வரை கூரை மேல் ஆளை ஏற்ற முடியாது. மழைக்குப் பெயர்போன சின்னக்கல்லாறைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு மழையைப் பற்றி நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே மே 25-க்குள் புதுத் தகடு ஏறியாக வேண்டும். ஏப்ரல் 30-க்குள் முன்பணம் கொடுத்தால்தான் பொள்ளாச்சிக் கடைக்காரர் இப்போது சொன்ன விலைக்குத் தருவார்.

கணக்கை மறைக்காமல் சொல்கிறோம். கலர் தகடும் முகட்டுத் தகடும் 92,000 ரூபாய். மரச்சட்டத்தை எடுத்துவிட்டு இரும்புப் பைப் போட 64,000. வெல்டிங், ஆள் கூலி 48,000. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வர லாரிக்கு 9,500 (இதில் பேரம் பேசிப் பார்த்தாயிற்று, இறங்கவில்லை). உள்ளே ஃபால்ஸ் சீலிங் 71,000. மைக் செட்டும் வயரிங்கும் 26,500. ஐம்பது நாற்காலிக்கு 32,500. மொத்தம் 3,43,500. இதுவரை கையில் சேர்ந்தது 1,61,200. இன்னும் 1,82,300 ரூபாய் வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் ஆடம்பரம் என்று கமிட்டிக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தால் மூன்றாவது வரிசைக்குப் பேசுகிறவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஜூலைக் கூட்டத்துக்குக் கோவையிலிருந்து வந்த கவிஞர் பாதிக் கவிதையில் நிறுத்திவிட்டு, மழை ஓயட்டும் என்று எங்களோடு சேர்ந்து டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷன் முகம் சுளிக்கவில்லை, நமக்குத்தான் வெட்கமாக இருந்தது. நாற்காலி எதற்கு, ஜமுக்காளம் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்தெடுத்த அக்காமார்களிடம் போய் முட்டியை மடக்கித் தரையில் உட்காரச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இந்த வாசிப்பு நேற்று முளைத்தது இல்லை. 1890-களில் காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட ஆரம்பித்தபோது தென்மாவட்டங்களிலிருந்தும் சேலம், பாலக்காட்டுப் பக்கங்களிலிருந்தும் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த கூட்டம் நம்முடையது. கவர்க்கல் போகும் வழியில், இங்கே ஆரம்பத்தில் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை இருக்கிறது, சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அட்டைக் கடியிலும் மலேரியாக் காய்ச்சலிலும் மரம் வெட்டிப் பாதை போட்டவர்களுக்குச் சிலை இல்லை, கல்வெட்டு இல்லை, அவர்களைப் பற்றி இருப்பது நம் தாத்தா பாட்டிகள் சொன்ன பேச்சு மட்டும்தான். தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிக்க, வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, வீடும் வைத்தியமும் குழந்தைகள் காப்பகமும் நிர்வாகம் தந்தாக வேண்டும் என்று எழுதினார்களே, அந்த எழுத்து லைன் வாசலுக்கு வர என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் வாயால்தான் கேட்டோம். அப்போதெல்லாம் சங்கக் கூட்டம் என்றால் பாதி கோரிக்கை, பாதி வாசிப்பு என்று சொல்வார்கள். நாம் உட்காருகிற இந்த ஹாலும் அந்தக் காலத்துச் சங்கக் கட்டடம்தான். வாடகை கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள், பழுது பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு என்று பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டாமா?

கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று வராதவர்கள் கேட்கிறார்கள். மதியம் 2 மணிக்கு ஆரம்பிப்போம். முதலில் யாராவது ஒருவர் ஒரு சிறுகதையோ நாவலின் ஒரு பகுதியோ படிப்பார், அப்புறம் ஒரு பேச்சு, கடைசியில் கேள்வி. நாலரைக்கு முடித்தாக வேண்டும், முடீஸ் பக்கமும் சோலையாறு பக்கமும் போகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், சிறுத்தை நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வழியில் யானை நிற்கிறது, யானை நடமாட்டத்தை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிகிறது என்று போன் வந்தால் பேச்சு பாதியில் நின்றாலும் அந்தப் பக்கத்து ஆட்களை முதலில் அனுப்பிவிடுவோம். பேசுகிறவர்கள் கோபித்துக்கொண்டதில்லை.

இலக்கியம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இதுவரை அதிகக் கூட்டம் சேர்ந்தது, வேலையை விட்டு நிற்கும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி பற்றிய பேச்சுக்குத்தான். 1972-ஆம் வருடச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். உட்கார்ந்திருந்த பாதிப் பேர் பழைய பே ஸ்லிப்பைக் கையில் கொண்டு வந்திருந்தார்கள். 2019 மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார்குடி காடர் பழங்குடி மக்கள், தெப்பக்குளமேட்டில் நிலம் வாங்கப் போராடிய கதையை அவர்களே வந்து சொன்ன நாளில் ஹாலில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. இருவாச்சிப் பறவை பற்றி ஒரு பேச்சு. அதைக் கேட்டுவிட்டு ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் தன் எஸ்டேட்டில் எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று எழுந்து சொன்னான், பேச வந்தவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். இன்னொரு மாதம், கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒரு முழுக் கதையையும் படித்து முடித்தார். நடுவில் திக்கிய இடங்களில் பக்கத்தில் இருந்த அவர் மகள் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம், சுருக்கமாகச் சொன்னால் பாவம். போனஸ் வாங்கிய கையோடு எட்டுப் பேர் சேர்ந்து ஆளுக்கு 200 ரூபாய் கொண்டு வந்து கொடுத்த அக்காமார்களுக்கு முதல் வணக்கம். பென்ஷனிலிருந்து 10,000 கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட தபால்கார ஐயாவுக்கு, சொல்லவில்லை ஐயா, ஆனால் ஊருக்கே தெரியும். ஆரம்பத்திலிருந்து ஒரு மாதம் தவறாமல் வர்க்கியும் பன்னும் அனுப்பிவைக்கும் ரொட்டிக்கடை பேக்கரி அண்ணனுக்கு, பில் கேட்டால் அடிக்க வருகிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மூன்று தவணையாக 15,000 அனுப்பிய தம்பிக்கு. மாதா கோயிலில் தன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேர்த்த பூச்செலவைக் குறைத்து 5,000 தந்த குடும்பத்துக்கு. நோன்பு மாதத்தில் கூப்பிட்டுக் கொடுத்த பஜார் பாய்க்கு. வெளியூர்ப் பேச்சாளர்களுக்குத் தன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டு, காலையில் இட்லியும் போட்டு அனுப்பும் டீச்சர் அம்மாவுக்கு. அவரால்தான் பேச்சாளர் செலவை மாதச் சந்தாவுக்குள் சமாளிக்கிறோம், அதற்கு இந்தக் கூரைப் பணத்தில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம்.

கொஞ்சம் கசப்பாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து 5,000 தருகிறேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய மூன்று பேர் இன்னும் தரவில்லை. பெயர் போடப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். காதுகுத்துக்கும் பூப்புனிதத்துக்கும் பஜார் முழுக்க பிளெக்ஸ் கட்டுகிறோம், திருவிழாவுக்கு வெடி போடுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, சாமி காரியம், குடும்ப காரியம் இரண்டும் நடக்கட்டும். அந்த பிளெக்ஸ் ஒன்றின் விலையை இங்கே கொடுத்தால் இரண்டு மூன்று நாற்காலி வரும். வெளியூரில் நன்றாக இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். 2001 கணக்கெடுப்பில் 95 ஆயிரத்தை ஒட்டி இருந்த ஊர் 2011-இல் 71 ஆயிரமாகக் குறைந்தது, அதற்கப்புறமும் பஸ் ஏறிப் போனவர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். பிழைக்கப் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் உங்கள் அம்மாவும் அப்பாவும் இன்னும் இங்கே லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வந்து உட்காருகிற இடம் ஒழுகுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

100 ரூபாயும் வாங்குவோம், 10,000-மும் வாங்குவோம், இரண்டுக்கும் ஒரே ரசீதுதான். 1,000-க்கு மேல் கொடுத்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது, விட்டுவிட்டோம். வரவு செலவு முழுவதையும் ஜூன் கூட்டத்தில் படித்துக் காட்டி, கதவில் ஒட்டுவோம். பணத்தைப் பொருளாளரிடம் கூட்டத்தில் நேரில் கொடுங்கள், வெளியூர்க்காரர்கள் உங்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்புங்கள். ரசீது தராமல் எங்கள் பெயரைச் சொல்லி யாராவது வசூலுக்கு வந்தால் கொடுக்காதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள். முருகன் துணையிருந்தால் ஏப்ரல் 30-க்குள் தொகை சேரும். சேராவிட்டால் ஃபால்ஸ் சீலிங்கையும் நாற்காலியையும் தள்ளிவைத்துவிட்டுக் கூரையை மட்டும் போடுவோம். அதற்கும் போதாவிட்டால் ஜூன் முதல் நான்கு மாதம் கூட்டம் கிடையாது, வேறு வழியில்லை.

பணம் முடியாதவர்கள் ஒதுங்க வேண்டாம், ஆளும் வேண்டும். பழைய தகரத்தை இறக்கும் வேலை மே மாதம் முதல் ஞாயிறு காலை 8 மணிக்கு. துருப்பிடித்த ஆணி நிறைய இருக்கும், செருப்புப் போடாமல் ஷூ போட்டு வாருங்கள், கையுறை இருந்தால் எடுத்து வாருங்கள். மதியச் சாப்பாடு டீச்சர் அம்மா வீட்டில்.