குந்தா அணைகளின் நீர்ப்பிடிப்பில் ஐந்தாண்டுப் பணி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்து அணைகளுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளின் கரையிலிருந்து சீகை (வாட்டில்) மரங்களை அகற்றி, அங்கே முன்பிருந்த சோலையையும் புல்வெளியையும் மீட்கும் பணிக்கு உங்கள் நன்கொடையை வேண்டி இதனை எழுதுகிறோம். எமரால்டு, மஞ்சூர் வட்டாரத்துத் தேயிலை, காய்கறி விவசாயிகளும் ஆசிரியர்களும் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிலரும் எங்கள் குழுவில் இருக்கிறோம்.

கொழும்புத் திட்டம் என்னும் பன்னாட்டு உதவி ஏற்பாட்டின்கீழ்க் கனடா நாட்டு உதவியுடன் எழுந்த குந்தா திட்டம் 1960 முதல் மின்சாரம் தந்துவருகிறது. அப்பர் பவானியில் தேங்கும் நீர் சுரங்கத்தின் வழியே அவலாஞ்சிப் பக்கம் வந்து ஒரு மின்நிலையத்தை இயக்குகிறது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளிலிருந்து இறங்கிக் குந்தாவில் மறுமுறையும், பின்பு கெத்தை, பரளி, பில்லூர் என அடுத்தடுத்தும், ஆக ஐந்து இடங்களில் சுழலிகளைச் சுற்றிவிட்டே அந்த நீர் பவானி ஆற்றோடு சமவெளிக்குப் போகிறது. பில்லூரில் ஒரு பங்கு கோவைக்குக் குடிநீராகிறது. மற்றது பவானிசாகரில் தேங்கி ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. மாலையில் மின்தேவை திடீரென ஏறும்போது சில நிமிடங்களில் இயக்கிவிடக்கூடியவை இந்த நிலையங்கள் என்பதை எங்களில் ஓய்வுபெற்றவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் மதகைத் திறக்க அணையில் நீர் இருக்கவேண்டும். மழை நின்ற பிறகும் அந்த நீரைத் தருபவை ஓடைகள்.

தென்மேற்குப் பருவமழையைப் பஞ்சுபோல் வாங்கி, கோடை வரை சிறுகச் சிறுக விடுபவை மலையுச்சிப் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளும்தாம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை, தோட்டத்தின் எல்லையோடு நிற்காமல் புல்வெளிகளுக்குள் பரவி ஓடைக்கரைகளையும் அடைத்துவிட்டது. அதன் அடர்ந்த நிழலில் மலைப்புல் பிழைப்பதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அடுத்தடுத்து இரண்டு நாட்கள், ஒவ்வொரு நாளும் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய மழையில் சரியும் மண் அணைகளில்தான் வந்து படிகிறது; குந்தா, பில்லூர் அணைகளில் சேர்ந்துள்ள வண்டல் இவ்வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தியன்று. சரிவுகளில் பயிரிடும் எங்கள் காய்கறித் தோட்டங்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

சீகையை வெட்டுவது எளிது; வெட்டிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கீரைப் பாத்திபோல் நெருக்கமாக முளைக்கும். அவற்றை ஆண்டுதோறும், ஈரம் இருக்கும் மாதங்களில், வேரோடு கையால் பிடுங்கவேண்டும். இரண்டு ஆண்டுகள் பிடுங்காமல் விட்டால் முன்பிருந்ததைவிட அடர்ந்த சீகைக்காடுதான் மிஞ்சும். நடுவிழாவுக்குப் பணம் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்குக் கேட்டால் தயங்குகிறார்கள். அதனால்தான் இந்தப் பணியை ஐந்தாண்டுகளுக்குத் திட்டமிட்டு, முழுத் தொகையையும் முன்கூட்டியே திரட்ட முயல்கிறோம்.

முதற்கட்டமாக 12 ஏக்கரில் பணி நடைபெறும். இதில் ஒரு பகுதி குழு உறுப்பினர்களின் பட்டா நிலத்தையொட்டிய ஓடைக்கரை. வன எல்லைக்குள் வரும் பகுதியில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்த பின்னரே கால் வைப்போம். ஓடை மடிப்புகளில் மட்டும் நாவல், விக்கி முதலிய சோலை மரக்கன்றுகளை நடுவோம். இவற்றில் பலவற்றின் விதை உலர்ந்தால் முளைக்காது என்பதால் பழம் உதிரும் காலத்திலேயே சேகரித்து நாற்றங்காலில் வளர்க்கவேண்டும். புல்வெளி இருந்த இடத்தில் ஒரு மரமும் நடமாட்டோம். எத்தனை ஆயிரம் கன்றுகள் நடுவீர்கள் என்று கேட்கும் அன்பர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

ஐந்தாண்டுகளுக்கு 24 லட்சம் ரூபாய் தேவைப்படும். அதில் 6 லட்சத்தைக் குழு உறுப்பினர்களும் சுற்றியுள்ள ஊராரும் தர ஒப்புக்கொண்டுள்ளனர். மீதி 18 லட்சத்தை உங்களிடம் வேண்டுகிறோம். பெரும்பங்கு சீகைக் கன்று பிடுங்கும் தொழிலாளர்களின் கூலிக்கும், அடுத்தபடியாக நாற்றங்காலுக்கும் செலவாகும்; நிர்வாகத்துக்கு ஊதியம் எதுவும் இல்லை. ஒரே தவணையில் தர இயலாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறு தொகை அனுப்பலாம். எங்கள் பணியின் இயல்புக்கு அதுவே இன்னும் பொருத்தமானது.

வருமான வரி விலக்குச் சான்று இதுவரை எங்களிடம் இல்லை. வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெறுவதற்கான பதிவும் இல்லாததால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற அன்பர்களின் பணத்தை ஏற்க இயலாது, பொறுத்தருள வேண்டும். ரொக்கமாக எதையும் வாங்குவதில்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வரும் ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் கையொப்பமிட்ட ரசீது அனுப்பப்படும். தணிக்கை செய்த வரவுசெலவும், அந்த ஆண்டில் எத்தனை ஏக்கரில் களை பிடுங்கப்பட்டது, எங்கே பிடுங்க முடியாமல் போனது என்ற குறிப்பும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதிக்குப் பின் நன்கொடையாளர் அனைவருக்கும் அஞ்சலில் வந்து சேரும். நேரில் பார்க்க விரும்புவோர் முன்கூட்டித் தெரிவித்தால், பட்டா நிலப் பகுதியில் நடக்கும் பணியை அழைத்துச் சென்று காட்டுவோம்.

இப்படிக்கு,
குழுவின் தலைவர், செயலர், பொருளாளர்