பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிவிட்டு வயரை முறுக்கித் தந்த சர்வீஸ் சென்டர் மீது புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

டோல் ஃப்ரீ எண்ணில் பேசியாகிவிட்டது, டீலரிடம் பேசியாகிவிட்டது, சர்வீஸ் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்தும் பார்த்தாகிவிட்டது. இனி எழுத்தில் கொடுப்பதுதான் மிச்சம். நான் நீடாமங்கலம் பக்கம் விவசாயம் செய்பவன். உங்களிடம் வாங்கிய என் டிராக்டர் எந்த மாடல், சேஸிஸ் நம்பர் என்ன என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். அந்த மாடலில் கிளட்ச் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதில் சேற்றுத் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த சுவிட்ச். டெலிவரி கொடுத்த அன்று உங்கள் ஆள் அதைப் பெருமையாகச் செய்து காட்டினார். நடவுக்காக வயலைச் சேறாக்கி சேடை ஓட்டிக்கொண்டிருந்தபோது சுவிட்ச் போய்விட்டது, மிதித்தாலும் செல்ஃப் எடுக்கவில்லை. வாரண்டியில் இருக்கிற வண்டிதானே என்று சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி, இரண்டு வயரையும் முறுக்கி, டேப்பைச் சுற்றி, "டைரக்ட் குடுத்துட்டேன் ஐயா, இனிமே தொந்தரவே இல்ல" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாப் கார்டில் "எலக்ட்ரிக்கல் செக், ஓகே" என்று எழுதியிருக்கிறது. நகல் வைத்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வண்டி கியரில் நின்றது. என் மகன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் ஒரே பாய்ச்சலாகப் போய் மாட்டுக் கொட்டகைத் தூணில் முட்டி நின்றது. தூணுக்குப் பக்கத்தில் என் மனைவி சாணி அள்ளிக்கொண்டிருந்தார். சுவிட்ச் இருந்திருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. கடவுள் புண்ணியத்தில் தூண் மட்டும்தான் சாய்ந்தது.

இதைச் சொல்லப் போனபோதுதான் உங்கள் சர்வீஸ் மேற்பார்வையாளர் அப்படிப் பேசினார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கிளட்ச்ச மிதிக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்குப் பெரியவரே டிராக்டர் வாங்குறீங்க? உங்க அப்பா காலத்துல சுவிட்சு இருந்துதா?" என்று கேட்டார். என் அப்பா காலத்தில் மாடு கட்டி உழுதோம். மாட்டுக்கு சுவிட்ச் தேவையில்லை. வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். இந்த வயதில் அந்தச் சிரிப்பை வாங்கவா லட்சக்கணக்கில் கடன் வாங்கி உங்கள் வண்டியை எடுத்தேன்?

அலைச்சலில் எல்லாம் மோசமானது தஞ்சாவூர் அலைச்சல். "சுவிட்ச் வந்துடுச்சு, வண்டியோட வாங்க" என்று போன் செய்து கூப்பிட்டதே உங்கள் ஆட்கள்தான். வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது. சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏற முடியாது என்பதால் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால், ஸ்டோர் கீப்பர் லீவாம், சாவி அவரிடமாம்! திரும்பி வந்து மறுபடியும் கேஜ் வீல் மாட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அன்று ராத்திரியே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. யார் தீர்த்தது, எதைத் தீர்த்தது?

இன்னொன்றும் இருக்கிறது. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டருக்கு இன்ஜின் சக்தியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் கவர் உடைந்து, வெறும் ஷாஃப்ட் சுற்றுகிறது. கவர் தனியாக வராது, ஷாஃப்ட்டோடு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. இங்கே வயலில் இறங்குகிறவர்கள் கைலியும் துண்டுமாகத்தான் நிற்பார்கள். துணி நுனி அதில் சிக்கினால் ஆளை விடுமா? உங்கள் கையேட்டிலேயே கவர் இல்லாமல் ஓட்டாதே என்று படம் போட்டிருக்கிறீர்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருகிற அந்தக் கொஞ்ச நாளில் சேடை ஓட்டினால்தான் குறுவை. இந்த அலைச்சலில் நாள் தள்ளிப்போய், நாற்று முற்றிப்போய் நட்டதில் தூர் கட்டவில்லை. வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி. இந்தப் போகமே உங்களால் போச்சு என்றுதான் சொல்வேன். குறுவை பிந்தினால் அடுத்த போகமான தாளடியும் பிந்தும், அந்தக் கணக்கையும் உங்கள் பேரில்தான் எழுத வேண்டும்.

தயவுசெய்து ஒரு பொறியாளரை என் ஊருக்கு அனுப்புங்கள். புது சுவிட்ச் போட்டு, முறுக்கிய வயரைப் பிரித்து, கவரையும் மாட்டித் தர வேண்டும். டைரக்ட் கொடுத்தது உங்கள் சர்வீஸ் சென்டர்தான் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வயரிங்கில் கை வைத்தது நான்தான் என்று சொல்லி வாரண்டியை ரத்து செய்வீர்கள்.

கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் இது நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தும் சொல்வேன். உங்கள் வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே நிறையப் பேர் வருவார்கள். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை, நல்லபடியாக முடித்துக் கொடுங்கள்.

பொறியாளர் வருவதற்கு முந்தின நாளே போன் செய்யச் சொல்லுங்கள், வண்டியை மேட்டில் ஏற்றி வைக்கிறேன். அந்த மேற்பார்வையாளரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டத்து விவசாயி