மெதுவாக இறங்கிய பனைமரம்: ஒரு நன்றி மடல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகமான வாயனசாலைக்கு வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் வணக்கம். அன்றைக்கே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கணும். கரண்ட் போய்விட்டது, வந்தவர்களும் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள், அதனால்தான் இந்த மடல்.

வராதவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய் கொடுத்து, ஒன்பது பக்கத்தில் ஒரு வலைப்படைப்பு செய்தேன். இடது பக்கம் ஒரு நெட்டைப் பனைமரம், வலது பக்கம் தாத்தா மரம் ஏறின கதை. மரத்தில் எந்தக் கலயத்தைச் சொடுக்குகிறோமோ அதற்கேற்ப ஒரு வரி வரும். அதை வைத்திருந்த இலவசத் தளம் எப்போதோ மூடிவிட்டது, நானும் மறந்தே போனேன். அதைத் தேடியெடுத்துச் சரிசெய்துதான் போன ஞாயிற்றுக்கிழமை வாயனசாலையில் காட்டினோம்.

முதல் நன்றி அந்தச் சென்டர் அண்ணனுக்கு. பரணில் கிடந்த பிஸ்கட் டப்பாவில் என் பேர் எழுதிய மூன்று பிளாப்பிகள், அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்து வைத்த தட்டுகள், இருந்தன. "நீ 120 ரூபாய் பாக்கி வெச்சிருக்கே தம்பி, அதான் தூக்கிப் போடலை" என்றார். பாக்கியைக் கொடுத்துவிட்டேன், வட்டி கேட்கவில்லை. ஒரு பிளாப்பியில் பூசணம். மொபைல் ரிப்பேர் கடைத் தம்பி அதன் தகரக் கதவை ஒதுக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால், உள்ளே இருக்கிற வட்டத் தகட்டைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தான், அதைக் கணினியில் படிக்க முடிந்தது. மூன்றாவதைக் கடைசிவரை படிக்கவே முடியவில்லை. அதில் போன இரண்டு படங்கள் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கிடைத்தன, நான் யாரிடமும் கேட்காமலேயே யாரோ என் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் என் அக்கா மகள். கோப்புகள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திறந்து பார்த்தால் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நெளிகிறது. நான் எழுதியது திஸ்கியில், அதாவது கணினியில் தமிழ் எழுத அப்போது இருந்த ஒரு குறியீட்டு முறையில், அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். இன்றைக்கு எல்லாக் கணினியிலும் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றுவதும் லேசில்லை. 'கொ' என்ற எழுத்தைத் திஸ்கி நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று வைக்கும். யூனிகோடில் க முதலில், அதன் பின்னால்தான் உயிர்க்குறி. வரிசையைத் திருப்பாமல் மாற்றினால் கொம்பு முந்தின எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், தாத்தாவின் பேரே அப்படி ஒருநாள் உடைந்து கிடந்தது. இன்னொரு ராத்திரி முழுக்கப் பனைமரத்தைக் காணோம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தில் எழுதிய கோப்புப் பெயரும் சின்ன எழுத்தில் எழுதியதும் ஒன்றுதான், இப்போது பக்கங்களை ஏற்றி வைத்த லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு, நான் இரண்டையும் கலந்து எழுதியிருந்தேன். விடிகாலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்துவிட்டு, "மாமா, உனக்கு ஷிப்ட் கீ மேல என்ன கோபம்?" என்று கேட்டாள். பதில் இல்லை கண்ணு, இப்பவும் இல்லை.

நியூயார்க்கின் கூகன்ஹைம் மியூசியம் ஷூ லீ சாங் என்ற கலைஞரின் 1998-ஆம் வருட வலைப்படைப்பான 'பிராண்ட'னைச் சீர்செய்தபோது, இன்றைய பிரவுசரில் ஓடாத ஜாவா ஆப்லெட்டுகள் என்ற குட்டி நிரல்கள் செய்த வேலையை வேறு வழியில் செய்ய வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்துதான் அக்கா மகள் என்னோடு சண்டை போட்டாள். போனில் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றேன் நான். பழையதைத் தொடாதே, நகல் எடுத்து நகலில் என்ன வேண்டுமானாலும் செய் என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பனைமரப் படம் 60 கேபி, அந்தக் காலத்தில் டெலிபோன் லைனில் ஓடின 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் வந்து சேர எப்படியும் 17 நொடி ஆகும், மேலேயிருந்து வரிவரியாக, முதலில் ஓலை, அப்புறம் கலயம், கடைசியில் அடிமரம். இப்போதைய லைனில் கண் சிமிட்டுவதற்குள் மொத்த மரமும் நிற்கிறது, நான் செய்தது அது இல்லை. வேகத்தை அவள் வேண்டுமென்றே குறைத்து வைத்தாள்.

பழைய குழல் மானிட்டரைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கிய வாத்தியாருக்கும், பனைக்கு முன்னால் காட்டிய பழைய படைப்புகளைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கும் நன்றி. ஜோடி என்ற வலைக்கலைஞர் இருவர் 1995-ல் செய்த பக்கத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று எழுந்த பையனிடம் அதன் மூல நிரலைக் காட்டினேன், குழம்பிக் கிடந்த அந்தக் குறிகளே அங்கே அணுகுண்டின் வரைபடமாக நின்றதைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்துகொண்டான். ஒலியா லியாலினா என்ற வலைக்கலைஞரின் 1996-ஆம் வருடப் படைப்பில், போரிலிருந்து திரும்பி வந்த காதலனும் அவன் காதலியும் பேசப் பேசக் கறுப்புத் திரை துண்டு துண்டாகப் பிரிகிறதே, அதைப் பார்த்த முன்வரிசைப் பாட்டி "திரும்பி வந்துட்டான்ல, அப்புறம் ஏன் ரெண்டு பேரும் வேற வேற ரூமுல இருக்காங்க?" என்றார். விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைவிட நன்றாகக் கேட்டுவிட மாட்டார்கள்.

பனைமரம் ஓலையிலிருந்து கீழே வரத் தொடங்கினபோது கடைசி வரிசையில் இருந்த பெரியவர், ஒரு காலத்தில் நம் வேலந்தாவளம் பக்கம் மரம் ஏறினவர், "இறங்கும்போது இப்படித்தான் தெரியும்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஐயா, உங்கள் பேர் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி.

வாத்தியார், மானிட்டர் இன்னும் வாயனசாலையில்தான் இருக்கிறது. ஆட்டோக்காரர் புதன்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், இந்தத் தடவை நீங்கள் தூக்க வேண்டாம்.